தப்பு மேசை சங்கமித்ரா

பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலையில் சங்கமித்ரா அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தது தப்புச் செய்வதற்காக. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சரியாகச் செய்வதற்கென்று சம்பளம் வாங்கிக்கொண்டு தப்பாகச் செய்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கடைக்குப் போகும் முன் எங்கள் பொம்மை ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் தேற வேண்டும். முதலில் ஒரு இயந்திரம். விளக்கத் தாளில் போட்டிருக்கும் வரிசைப்படி அது பொம்மையை ஐயாயிரம் தடவை மடக்கி விரித்துப் பார்க்கும். இரண்டாவது, வடிவமைப்புப் பிரிவுத் தலைவர். மூன்றாவது, முதல் மாடியில் சன்னல் ஓரம் இருந்த ஒரு பழைய மேசை. அந்த மேசையில் உட்காருகிறவர் விளக்கத் தாளைப் படிக்கவே கூடாது. அதுதான் விதி. டப்பாவை இப்போதுதான் கிழித்த குழந்தை எப்படித் திருகுமோ அப்படித் திருக வேண்டும். இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு, வடை தின்ற எண்ணெய்க் கையோடு, கட்டில் உயரத்திலிருந்து கீழே போட்டு, கடித்து. தாளில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் தப்பு மேசை என்போம்.

நான் வனஜா. ஆம்பூர்க்காரி. அந்த மூன்று இடத்திலும் தேறியதற்குக் கையெழுத்து விழும் தாள்களைத் தட்டச்சு செய்து கோப்பில் வைப்பது என் வேலை. என் நாற்காலி தப்பு மேசைக்கு எதிரில். எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், வாய் அதைவிட அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் இந்தக் கதையில் வாய் திறக்க வேண்டிய இடத்தில் நான் திறக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் பீன்யாவிலிருந்து மெட்ரோவில் போகும் தூரத்தில் இருக்கும் ஸ்ரீராம்புரத்தில். அப்பா விகாரைக்குப் போய்வருகிறவர். மகளுக்கு சங்கமித்ரா என்று பெயர் வைத்துவிட்டு, அதைச் சுருக்கிக் கூப்பிடும் ஆளோடு சண்டை போடவும் கற்றுக்கொடுத்துவிட்டார். தொழிற்சாலையில் யாராவது சுமித்ரா என்றோ சங்கீதா என்றோ கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "சங்கமித்ரா. முழுசா சொல்லுங்க, நாக்கு ஒண்ணும் தேஞ்சிடாது," என்பாள். முதலாளி வந்தபோதும் அதையேதான் சொன்னாள்.

கணவர் அப்பாதுரை மாநகராட்சிக் குப்பை ஆட்டோ ஓட்டுகிறார். ஒப்பந்த வேலை. அவளுடையதும் ஒப்பந்தம். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர ஆட்களுக்கு அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கும், ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் நாடா. பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை மஞ்சள் நாடாவைப் பிடுங்கி, இரண்டு நாள் வீட்டில் உட்காரவைத்து, புது ஆள் போல மறுபடி எடுப்பார்கள். பதினொரு வருஷமாக அவள் இப்படிப் புது ஆளாகச் சேர்ந்துகொண்டே இருந்தாள். அவள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து யாருக்கும் நிரந்தர உத்தரவு என்று ஒரு காகிதம் வந்ததில்லை.

பேக்கிங் பிரிவில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். ஒருநாள் முதலாளி ஒரு புதுப் பொம்மையைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். இவள் கையில் கொடுத்ததும் வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. வால் தனியாக வந்துவிட்டது. மேஸ்திரி திட்டினார். "நான் இன்னா பண்ணேன்? புடிக்கறதுக்கு வால்தானே இருக்குது? வால இழுக்கக் கூடாதுன்னா வாலு எதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டாள். அப்போதிருந்த வடிவமைப்புத் தலைவர் புத்திசாலி. மறுநாளே அவளை மேலே கூப்பிட்டு மேசையில் உட்காரவைத்தார்.

எந்தப் பொம்மை வந்தாலும் அவளிடம் நாலே கேள்வி. நிக்குதா, ஓடுதா, கடிக்குதா, உடைஞ்சா உள்ளேயிருந்து இன்னா வருது. இதில் நாலாவதுதான் அவளுக்கு முக்கியம். உடையாத பொம்மை உலகத்தில் கிடையாது, உடைந்த பிறகு அது குழந்தையை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி என்பாள். விரலைக் கடிக்கும் மூட்டு எதுவென்று தொட்டதும் சொல்லிவிடுவாள்.

காராக மாறும் ரோபோக்கள் என்றால் அவள் இன்னும் கண்டிப்பு. ரோபோவாக நிற்கும்போது பாதிக் கார் முதுகில் மூட்டை மாதிரி தொங்கினால் அவளுக்குப் பிடிக்காது. "மார்க்கெட்டுல மூட்டை தூக்கற ஆளாட்டம் நிக்குது. இதுவா சண்டை போடும்?" என்பாள். காராக மாறிய பிறகு அடியில் ரெண்டு முஷ்டி துருத்திக்கொண்டு தெரிந்தால் அதுவும் ஆகாது. கார் என்றால் கார், ஆள் என்றால் ஆள், நடுவில் ஏமாற்றக் கூடாது. பொறியாளர்கள் முகம் சுருங்கும். ஆனால் அடுத்த மாதிரியில் முஷ்டி உள்ளே போயிருக்கும்.

ஆர்-ஏழு என்ற சிவப்பு ரோபோ அவள் மேசைக்கு முதலில் வந்தது போன பிப்ரவரியில். ஒரு சாண் உயரம். நெஞ்சு இரண்டாகப் பிளந்து காரின் கதவாகும், தலை பானெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், இடுப்பு அரைவட்டம் திரும்பும், கால்கள் மடங்கிப் பின்பக்கம் ஆகும். முதல் மாதிரியை அவள் நாலு நிமிஷத்தில் மூன்று துண்டாக்கினாள். இரண்டாவது நிற்கவில்லை. மூன்றாவது கட்டை விரலைக் கடித்து ரத்தம் வந்தது. இப்படி எட்டு மாதத்தில் ஒன்பது மாதிரிகள் வந்தன. ஒன்பதாவது மாதிரியை அவள் ஒரு முழு நாள் போட்டுப் படுத்தி எடுத்தாள். இடது கை, எண்ணெய்க் கை, கண்மூடி, கட்டில் உயரம், எல்லாம். எதுவும் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் தட்டச்சு செய்தேன்.

அந்தக் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தீபாவளிக்கு முன் கடைகளில் பொம்மை இருக்க வேண்டும் என்று எட்டாயிரம் பெட்டி ஏற்கெனவே தயாராகிக் கிடந்தது. அடுத்த புதன்கிழமை ஆயுத பூஜை. அதற்கு முன்னால் சனிக்கிழமையே லாரி கிளம்ப வேண்டும். இன்னொரு விஷயமும் இருந்தது. ஆயுத பூஜை அன்று சங்கமித்ராவுக்கு நிரந்தர உத்தரவு கொடுப்பதாக ஷில்பா மேடம் சொல்லியிருந்தார். ஷில்பா மேடம்தான் எங்கள் தொழிற்சாலைத் தலைமை. உத்தரவு அச்சாகி வந்துவிட்டது, மேடத்தின் கையெழுத்துதான் பாக்கி. நானே பார்த்தேன், பெயரில் எழுத்துப் பிழை இல்லையா என்று. அக்காவிடம் சொன்னேன். அன்றைக்கு மெட்ரோவில் போகும்போது, "நீல டேப்பு கழுத்த உறுத்துமா வனஜா?" என்று கேட்டாள். அவ்வளவு ஆசை அவளுக்கு. அது எனக்குத் தெரியும் என்பதால்தான் பிறகு எனக்கு அவள் மேல் அத்தனை கோபம் வந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் நானும் அவளும் சேர்ந்து கிளம்பினோம். தேறிய பொம்மையை மேசைக்காரர் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ஆர்-ஏழு அவள் பையில் இருந்தன. வாசலில் காவலாளி கோதண்டராமன் அண்ணன். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். வெளியே போகும் எந்தப் பொருளையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் எழுதுவார்.

"இதுதானா அந்த புது பொம்மை? எட்டு மாசமா மாடியில ஒரே பேச்சா இருந்துச்சே. எப்டி காராவுது, பாப்பம்," என்று ஒன்றை எடுத்தார்.

எடுத்தவர் ரோபோவின் நெஞ்சை ஒரு கையிலும் காலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, ஈரத் துண்டைப் பிழிவது போல இடுப்பைத் திருகினார். டக் என்று ஒரு சத்தம். சின்ன எஃகுக் கம்பி ஒன்று துள்ளி வந்து பதிவேட்டின் மேல் விழுந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.

கோதண்டராமன் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, கம்பெனி சாமான் ஒடஞ்சிபோச்சே. நான் மெதுவாதாம்மா திருப்பினேன். எழுதிக் குடுத்துடறேன், என் பேர்ல போட்டுக்கங்க."

அக்கா அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஒடைக்கல அண்ணே. சும்னே இருங்க," என்று கன்னடம் கலந்து சொன்னாள்.

பிறகு இரண்டாவது பொம்மையை எடுத்தாள். அவர் செய்தது போலவே செய்து பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல்கள் நேராக நெஞ்சுக்குப் போய் அதைத் திறந்தன. நிறுத்தினாள். மூடினாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் நெஞ்சுதான் முதலில் திறந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். அப்போதும் நெஞ்சு, தலை, கை, அப்புறம்தான் இடுப்பு. இயந்திரம் செய்யும் அதே வரிசை. விளக்கத் தாளை அவள் ஒருநாளும் படித்ததில்லை, அது சத்தியம். ஆனால் ஒன்பது மாதிரிகளில் அவள் கையே அந்தத் தாளைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒன்பதாவது மாதிரியை நாள் முழுக்க இடது கையாலும் எண்ணெய்க் கையாலும் அவள் சரியாகவே செய்துகொண்டிருந்தாள். தப்புச் செய்யவே இல்லை. அது அவளுக்கே தெரியவில்லை.

"தூ," என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கத் தேவையில்லை. தன்னைத்தான்.

அங்கேயே காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வாசலில் போகிறவர் வருகிறவர் கையில் உடையாத இரண்டாவது பொம்மையைக் கொடுத்தாள், கம்பி வந்தால் மறுபடி செருகினாள். டீக்கடைப் பாமா, சுமை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர், அடுத்த ஷிப்டுக்கு வந்த காவலாளி, கூரியர்க்காரர், இன்னும் மூன்று பேர் என்று மொத்தம் எட்டுப் பேர். ஐந்து பேர் இடுப்பைத்தான் முதலில் திருகினார்கள். மூன்று தடவை கம்பி வெளியே வந்தது. நான் என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

மெட்ரோவில் நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, புதன்கிழமை பூஜை. அது வரைக்கும் பேசாம இருங்க. ஆர்டரை வாங்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்."

"லாரி சனிக்கெழமயே போயிடுமே," என்றாள்.

"போனா திரும்பக் கூப்பிடுவாங்க."

"கடைக்குப் போன பொம்மைய கூப்புடுவாங்க. வயித்துக்குள்ள போன கம்பிய எப்படிக் கூப்புடுவாங்க?"

மறுநாள் காலை ஷில்பா மேடத்தின் அறை. வடிவமைப்புத் தலைவர் பாலகுமார் சார் அங்கே இருந்தார். கரூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் மேடம் இருக்கும் இடத்தில் அவர் நல்லதனம் கொஞ்சம் ஒடுங்கிவிடும். கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது. மேடம் கன்னடத்தில்தான் பேசுவார். அக்காவும் அதே வேகத்தில் கன்னடத்தில் பதில் சொல்வாள். இங்கே நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

அக்கா கம்பியை மேசை மேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். தன் கை பழகிப்போனதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

பாலகுமார் சார் கம்பியை எடுத்துப் பார்த்தார். "மிஷின்ல ஐயாயிரம் தடவை வரலையே. முதல்ல நெஞ்சைத் திறக்கணும்னு விளக்கத் தாள்ல தெளிவாப் போட்டிருக்கு. படம்கூட இருக்கு. இடுப்பை முதல்ல திருப்புறது தவறான உபயோகம்."

"சார், எங்க வீட்டுக்காரர் குப்பை வண்டி ஓட்டறாரு. பொம்மை டப்பா தெனமும் வருது. நீங்க படம் போட்ட அந்த காகிதம் டப்பாவுக்குள்ளயே, மடிப்பு பிரிக்காம வருது. எந்த வீட்டுல யாரு படிக்கறாங்க?"

"ஐந்து வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது," என்றார் மேடம்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு ரெண்டு வயசுல தம்பி இருக்கக் கூடாதுன்னு சட்டமா மேடம்?"

மேடம் கோபப்படவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், எட்டாயிரம் பெட்டியிலும் இன்றைக்குள் ஒட்ட ஆள் போடுகிறேன், அடுத்த தயாரிப்பில் கம்பிக்கு மூடி வைப்போம் என்றார். பிறகு கோப்பைத் திறந்து திங்கட்கிழமைத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"இது உன் கையெழுத்து. தேறியது என்று போட்டிருக்கிறாய். இப்போது இல்லை என்றால் என்ன அர்த்தம்? தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள், இத்தனை வருஷத்தில் இவள் போட்ட கையெழுத்தில் இன்னும் எத்தனை தப்பு என்று. நான் என்ன சொல்வது?"

"கேக்கட்டும். எல்லா பொம்மையும் எடுத்தாரச் சொல்லுங்க, வேற ஆளு கையில குடுத்து மறுபடி பாக்கலாம். நான் பயந்தேனா?"

"புதன்கிழமை உனக்கு உத்தரவு கொடுப்பதாக இருக்கிறேன், சங்கமித்ரா. அது இந்த மேசைக்கான வேலை. தன் கையெழுத்தைத் தானே தப்பு என்று எழுதிக்கொடுத்த ஆளை அந்த மேசையில் நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்." மேடம் இதை அன்பாகவே சொன்னார். உத்தரவு அவர் மேசையின் ஓரத்திலேயே இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, முழுசாக. அந்த ஒரு நிமிஷம் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், ஸ்டிக்கருக்கு ஒப்புக்கொண்டுவிடு என்று. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் எத்தனை பொம்மை எப்படியெல்லாமோ விற்கிறது, இவள் ஒருத்திதான் எல்லாக் குழந்தைக்கும் அம்மாவா என்று தோன்றியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது. வாசலில் அந்த எட்டுப் பேரைக் கூடவே நின்று பார்த்தவள் நான், அதைச் சொல்லவும் வாய் திறக்கவில்லை.

எங்கள் விதிப்படி மூன்று கையெழுத்துத் தாளில் சிவப்பு மையால் ஒரு எழுத்து விழுந்தால் போதும். குறை சரியாகும் வரை அந்தப் பொம்மை வாசலைத் தாண்ட முடியாது. அதுவரை யாரும் பயன்படுத்திப் பார்த்திராத விதி. கோப்பு என் பொறுப்பு என்பதால் சிவப்புப் பேனா என்னிடம்தான் இருக்கும்.

"வனஜா, செவப்பு பேனா குடு," என்றாள்.

"மை தீந்துடுச்சு அக்கா," என்றேன்.

பச்சைப் பொய். அவள் என்னைத் திட்டவில்லை. என் பையில் செருகியிருந்த பேனாவைத் தானே உருவிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள். மேடம், "சங்கமித்ரா, யோசித்துச் செய்," என்றார். "யோசிச்சுதான் மேடம் ராத்திரி தூங்கல," என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.

தமிழில் எழுதினாள். ஆங்கிலக் கட்டங்களைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே, பெரிய பெரிய எழுத்தாக. எழுதி முடித்துத் தன் பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாளைத் தள்ளினாள். மேடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாலகுமார் சாரைப் படிக்கச் சொன்னார். அவர் எழுந்து நின்று படித்தார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை.

"திங்கட்கிழமை நான் போட்ட கையெழுத்து தப்பு. இந்த பொம்மை என் கைக்கு பழகிவிட்டது. பழகாத ஆள் இடுப்பை முதலில் திருகினால் கம்பி வெளியே வருகிறது. எட்டு பேரில் மூன்று பேருக்கு வந்தது. குழந்தை விழுங்கும் அளவு கம்பி. ஸ்டிக்கர் ஒட்டினால் கம்பி உள்ளே நிற்காது. இதை அனுப்பக் கூடாது. இந்த பொம்மையை மறுபடி பார்க்க எனக்கு தகுதி இல்லை. கை பழகாத வேறு ஆளை உட்கார வையுங்கள். இப்படிக்கு சங்கமித்ரா அப்பாதுரை."

தகுதி இல்லை என்ற வரிக்கு அவர் திரும்பிப் போனார். "இந்த வரி தேவையில்லம்மா, அதை மட்டும் அடிச்சிடலாமே," என்றார்.

"அதுவும் உண்மை சார். மத்ததெல்லாம் உண்மைன்னு நம்பணும்னா அதுவும் இருக்கட்டும்."

மேடம் உத்தரவை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

லாரி சனிக்கிழமை கிளம்பவில்லை. ஆயுத பூஜை அன்று இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்தார்கள். அக்காவும் கையை நீட்டி வாங்கித் தின்றாள். பேக்கிங் பிரிவில் பாதிப் பேர் அவளோடு பேசவில்லை, பொம்மை நின்றதால் அவர்களுக்குத் தீபாவளி ஓவர்டைம் போயிருந்தது. "பேசலன்னா போகட்டும். எனக்கும் வாய் வலி மிச்சம்," என்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது. அழுதாயா என்று நான் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அடித்திருப்பாள்.

ஆர்-ஏழுக்கு இடுப்பில் மூடி வைத்து, டிசம்பரில் அனுப்பினார்கள். தப்பு மேசையில் டீக்கடைப் பாமாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது பாலகுமார் சாரின் யோசனை. அதை அக்காதான் அவருக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன், நவம்பர் கடைசியில், அக்காவின் பதினொரு மாதம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். நான்தான் படித்துச் சொன்னேன். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று இருந்தது.

"எனக்கு விருப்பமில்லையே," என்றாள்.

"இது வழக்கமா எழுதறதுதாம்மா. இப்படி எழுதினா உங்களுக்குத்தான் நல்லது. வேற எடத்துல வேலை கேக்கும்போது தொந்தரவு இருக்காது," என்றான் அங்கே இருந்த அபினவ் என்ற பையன். நிஜமாகவே நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

"தம்பி, நீங்க அனுப்பறீங்க. எதுக்கு அனுப்பறீங்கன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

அவள் கீழே போய்க் கோதண்டராமன் அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குள் கோப்பை முடிக்க வேண்டும் என்று மேலே அவசரம். ஒரு மணிக்கு இன்னொரு காகிதம் வந்தது. வேலைத் திறன் போதாமை என்றிருந்தது. "எந்த வேலையில போதலன்னு கேளு," என்று திருப்பி அனுப்பினாள். நான் மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். அன்றைக்கு என் வேலை எதையும் நான் பார்க்கவில்லை. யாராவது கேட்டால் சண்டை போடத் தயாராக இருந்தேன், யாரும் கேட்கவில்லை. பேனா விஷயத்துக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நாலு மணிக்குப் பாலகுமார் சாரே இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். அவரே எழுதியது. மேடமும் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேடத்தை எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்று இன்று வரை அவர் சொல்லவில்லை. அக்கா அதை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் நாடாவைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

ஜனவரியில் லிங்கராஜபுரத்தில் குழந்தைகளுக்கான மூன்று சக்கர சைக்கிள் செய்யும் ஒரு பட்டறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவளை என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். முதலாளி பெயர் நீல். அறுபது வயது இருக்கும். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். பழைய சம்பளச் சீட்டைக் காட்டு, அந்தக் கடிதத்தை மட்டும் வெளியே எடுக்காதே என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவள் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினாள். நீல் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"தேறியது என்று தான் கையெழுத்திட்ட பொம்மையில் குறை இருப்பதைத் தானே கண்டுபிடித்து, அனுப்பக் கூடாது என்று எழுதிக்கொடுத்ததால், இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்." அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏம்மா, இதுல நீ தப்புப் பண்ணினேன்னு இல்ல போட்டிருக்கு? இதையா வேலை கேக்க வந்த எடத்துல காட்டறே?"

"ஆமா சார், தப்பு பண்ணேன்," என்றாள் சங்கமித்ரா அக்கா. "அதக் கண்டுபிடிச்சது யாருன்னும் அதுலயே போட்டிருக்குது. இன்னொரு தரம் படிங்க."